நண்டுத் தீவனத்தில் சேர்மானம்: பொட்டலம் வாங்கும் முன் படிக்க வேண்டிய பாடம்



இந்த இதழின் தொழிற்கல்விப் பாடம் பண்ணை நண்டுகளுக்குத் தீவனத்தில் சேர்க்கப்படும் பொருட்களைப் பற்றியது. கடலே இல்லாத திண்டுக்கல்லில் நண்டுப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். மூன்று காரணங்கள் உண்டு. கடலோர ஊர்களில் சம்பந்தம் செய்தவர்களும், அங்குள்ள பண்ணைகளில் வேலைக்கோ கூட்டுக்கோ போகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டாவது, வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் பிளாஸ்டிக் பெட்டிகளில் நண்டு வளர்த்துச் சம்பாதிக்கலாம் என்று சொல்லும் வீடியோக்கள் கைப்பேசியில் வரிசையாக வருகின்றன. மூன்றாவது, நண்டுக்கு விற்கப்படும் அதே வகைப் பொட்டலங்கள்தாம் வேறு பெயரில் நம் ஊரில் கோழிக்கும் ஆட்டுக்கும் குளத்து மீனுக்கும் விற்கப்படுகின்றன. நண்டை வைத்துக் கற்றுக்கொள்வது மற்றவற்றுக்கும் உதவும்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே உண்ணத்தக்கது. நண்டு அதில் சேராது. ஷாஃபிஈ மத்ஹபில் நீரிலும் நிலத்திலும் வாழ்பவை பற்றித் தனியான விளக்கங்கள் உள்ளன. ஆகவே நண்டை உண்பது, வளர்ப்பது, விற்பது பற்றிய சட்டத்தை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். முதலீட்டுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே. இந்தப் பாடம் உயிரியலையும் பணக் கணக்கையும் மட்டும் பேசுகிறது.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சேர்மானம் என்பது ஒரு குறையை நிரப்புவதற்கு. எந்தக் குறை என்று தெரியாமல் வாங்கும் பொட்டலம் வீண் செலவு. சில சமயம் அதுவே நஷ்டத்துக்குக் காரணமாகும்.

நண்டு எப்படி வளர்கிறது?

ஆட்டுக்குட்டி நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. நண்டு அப்படி வளர்வதில்லை. அதன் உடம்பைச் சுற்றிக் கெட்டியான ஓடு இருக்கிறது. ஓடு விரியாது. ஆகவே நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு மென்மையான உடம்போடு வெளியே வந்து, தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. அளவில் பெரிதாவது அந்தச் சில மணி நேரத்தில்தான். பிறகு புது ஓடு கெட்டியாகிறது. உள்ளே தண்ணீராக இருக்கும் இடத்தை அடுத்த சில வாரங்களில் சதை நிரப்புகிறது.

ஆக நண்டின் வாழ்வில் இரண்டு கட்டங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, ஓடு கழற்றிப் பெரிதாவது. மற்றொன்று, பெரிதான உடம்பில் சதை பிடிப்பது. முதல் கட்டத்தில் நண்டுக்கு ஆபத்து அதிகம். ஓடு பாதியில் சிக்கி இறப்பதுண்டு. தப்பி வெளியே வந்தால், மென்மையாக இருக்கும்போது பக்கத்து நண்டே பிடித்துத் தின்றுவிடும்.

நம் நாட்டில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் சேற்று நண்டு. கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழும் இனம் இது. உயிரோடு ஏற்றுமதி ஆவதால் விலை உயர்வு. மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழியில் தலைமையிடம் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், அருகிலுள்ள தொடுவாயில் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறது. இது 1972-ல் தொடங்கப்பட்ட கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ஆராய்ச்சிப் பிரிவு. குஞ்சு உற்பத்தி முறைக்குக் காப்புரிமையும் பெற்றிருக்கிறது. சென்னையில் 1987 முதல் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் நண்டு இனப்பெருக்கத்திலும் தீவனத்திலும் ஆய்வு செய்கிறது. ஐயம் இருப்பவர்கள் கேட்க வேண்டிய இடம் இவையே.

ஒரே நண்டு, மூன்று தொழில்

நண்டு வளர்ப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று வெவ்வேறு தொழில்கள் உள்ளன. எந்தச் சேர்மானம் தேவை என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

முதலாவது, கொழுக்க வைத்தல். ஓடு கழற்றி முடித்து உள்ளே சதையில்லாமல் தண்ணீராக இருக்கும் நண்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, சுமார் 20 முதல் 30 நாள் நன்றாகத் தீனி போட்டு, சதை பிடித்ததும் கூடுதல் விலைக்கு விற்பது. இதில் நண்டு பெரிதாவதில்லை, கனக்கிறது.

இரண்டாவது, குஞ்சிலிருந்து வளர்த்தல். பொரிப்பகக் குஞ்சுகளைக் குளத்தில் விட்டு மாதக்கணக்கில் வளர்ப்பது. இங்கே நண்டு பல முறை ஓடு கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பிழைக்கவும் வேண்டும்.

மூன்றாவது, மென்னோட்டு நண்டு. பெட்டிக்கு ஒன்றாக வைத்து, ஓடு கழற்றிய சில மணி நேரத்துக்குள், புது ஓடு கெட்டியாவதற்கு முன்பே எடுத்து உறைய வைத்து விற்பது.

இப்போது ஒரு கேள்வி. "நண்டு சீக்கிரம் ஓடு கழற்றும்" என்று எழுதிய பொட்டலம் ஒன்று கிடைக்கிறது. யாருக்கு இலாபம்? மென்னோட்டு நண்டுக்காரருக்கு அது பயன்படலாம். கொழுக்க வைப்பவருக்கு அது கேடு. மூன்று வாரம் தீனி போட்டுச் சதை பிடித்த நண்டு ஓடு கழற்றினால் மறுபடியும் தண்ணீர் நண்டாகிவிடும். போட்ட தீனியும் நாளும் போயிற்று. பல நண்டுகள் ஒன்றாக இருக்கும் தொட்டியானால், ஓடு கழற்றிய நண்டு மற்றவற்றுக்கு இரையாகிவிடும். ஒரே பொட்டலம் ஒரு தொழிலுக்கு மருந்து, இன்னொரு தொழிலுக்கு நஷ்டம். எனவே "இது நல்ல மருந்தா?" என்று கேட்காதீர்கள். "என் தொழிலில் இதற்கு என்ன வேலை?" என்று கேளுங்கள்.

முதலில் சோறு, பிறகு ஊறுகாய்

தீவனம் சோறு மாதிரி. சேர்மானம் ஊறுகாய் மாதிரி. ஊறுகாயால் பசி ஆறாது. சேற்று நண்டின் தீவனத்தில் புரதம் சுமார் 35 முதல் 45 விழுக்காடும், கொழுப்பு சுமார் 6 முதல் 12 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கடலோரத்தில் பெரும்பாலோர் விலை குறைந்த சிறு மீன், மட்டி, நத்தை ஆகியவற்றை நறுக்கிப் போடுகிறார்கள். நாளுக்கு நண்டின் எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை கொடுப்பது வழக்கம்.

இந்த அடிப்படை சரியில்லாத இடத்தில் சேர்மானம் எதுவும் செய்யாது. கெட்டுப்போன மீனைப் போட்டுவிட்டு அதன்மேல் வைட்டமின் தூவுவதால் பயனில்லை. தினமும் ஒரே வகை மீன் போடுவதும் நல்லதல்ல. சில மீன்களின் பச்சைச் சதையில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. மீன் ஒரு நாள், மட்டி ஒரு நாள் என்று மாற்றிப் போடுவதே செலவில்லாத நல்ல சேர்மானம்.

வளர்ச்சிக்கான சேர்மானங்கள்

கொலஸ்ட்ரால்: நமக்கு மருத்துவர் குறைக்கச் சொல்லும் அதே பொருள்தான். நம் உடம்பு கொலஸ்ட்ராலைத் தானே தயாரிக்கும். நண்டு, இறால் இனங்களால் தயாரிக்க முடியாது. உணவில்தான் கிடைக்க வேண்டும். ஓடு கழற்றத் தூண்டும் சுரப்பு உருவாவதற்கும் இதுவே மூலப்பொருள். இளம் சேற்று நண்டுகளில் நடந்த ஆய்வில் தீவனத்தில் சுமார் 0.5 விழுக்காடு, அதாவது கிலோவுக்கு 5 கிராம் போதும் என்று தெரிந்தது. அளவு மிஞ்சியபோது வளர்ச்சி குறைந்தது. மீனும் மட்டியும் தின்னும் நண்டுக்கு இது தானாகவே கிடைத்துவிடும். சோயாப் பிண்ணாக்கு போன்ற தாவரப் பொருட்கள் அதிகம் சேர்ந்த குச்சித் தீவனத்தில்தான் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மீன் எண்ணெய்: மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் நண்டுக் குஞ்சுகளுக்கு உயிர்நாடி. முட்டையிலிருந்து வரும் நண்டு நுண்குஞ்சு ஐந்து நிலைகளைக் கடந்து, பிறகு இடைநிலை ஒன்றைத் தாண்டி, சுமார் ஒரு மாதத்தில் குட்டி நண்டு உருவத்துக்கு வருகிறது. இந்த ஓட்டத்தில் பெரும்பகுதி இறந்துபோகும். நல்ல கொழுப்பு குறைந்தால், ஓடு கழற்ற முடியாமல் பாதியிலேயே சிக்கிச் சாகும். அதனால்தான் பொரிப்பகங்களில் நுண்குஞ்சுகள் தின்னும் ரோட்டிஃபர், ஆர்டீமியா என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிற்றுயிர்களுக்கு முதலில் இந்த எண்ணெயை ஊட்டி, பிறகு அவற்றை நண்டுக் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கொடுக்கிறார்கள். சேர்மானத்தின் பலன் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான். இங்கே குறை எதுவென்று தெரிந்திருக்கிறது. அதற்கான பொருள் சேர்க்கப்படுகிறது.

லெசித்தின்: சோயாவிலிருந்து எடுப்பது. கொழுப்பும் கொலஸ்ட்ராலும் நண்டின் உடம்பில் போய்ச் சேர உதவும்.

தாது உப்புகள்: ஓடு என்பது பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. ஆகவே கால்சியம் பொட்டலம் போட்டால் ஓடு கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஓடு கழற்றிய நண்டு தனக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பங்கைத் தண்ணீரிலிருந்தே செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அது தீனியே தின்பதில்லை. தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் குறைவாக இருந்தால் தீவனத்தில் எவ்வளவு போட்டாலும் பயன் குறைவு. செம்பு வேறு கதை. நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை நண்டின் இரத்தத்தில் செம்பு செய்கிறது. அதனால்தான் அதன் இரத்தம் நீலச் சாயல் கொண்டது. தீவனத்தில் சிறிதளவு செம்பு வேண்டும். ஆனால் தண்ணீரில் செம்பு கூடினால் நண்டுக்கு நஞ்சு.

நிறமிப் பொருள்: நண்டை வேக வைத்தால் சிவப்பது அஸ்டாசாந்தின் என்ற நிறமியால். இதையும் நண்டால் தயாரிக்க முடியாது. நிறத்துக்கு மட்டுமல்ல, உடம்பைக் காக்கவும் உதவுகிறது. இறால் தலை, சிறு இறால் ஆகியவற்றில் இயற்கையாகவே உண்டு.

ஓடு கழற்றத் தூண்டும் தாவரச் சாறு: நண்டின் சுரப்பை ஒத்த பொருள் ஸ்பினாச் கீரை போன்ற சில தாவரங்களில் இருக்கிறது. இந்தோனேசியாவில் இந்தக் கீரைச் சாற்றைக் கொண்டு மென்னோட்டு நண்டு உற்பத்தியை விரைவுபடுத்தும் ஆய்வுகள் நடந்துள்ளன. நண்டின் கால்களை ஒடித்து ஓடு கழற்றத் தூண்டும் கொடூரமான பழைய வழக்கத்துக்கு இது ஒரு மாற்று. ஆனால் முன்பே சொன்னபடி, கொழுக்க வைக்கும் தொழிலில் இதற்கு இடமில்லை.

ஆரோக்கியத்துக்கான சேர்மானங்கள்

நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறோம். உடம்பு அந்தக் கிருமியை நினைவில் வைத்து எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. நண்டின் உடம்பில் இந்த எதிர்ப்பொருள் ஏற்பாடே இல்லை. பிறவியில் வந்த பொதுவான தற்காப்பு மட்டுமே அதற்கு உண்டு. எனவே "நண்டுக்குத் தடுப்பூசி போன்றது" என்று யாராவது ஒரு பொட்டலத்தைக் காட்டினால் நம்பாதீர்கள். பொதுவான தற்காப்பை உசுப்பிவிடும் பொருட்கள் மட்டுமே உள்ளன.

அவற்றில் முக்கியமானது பீட்டா குளுக்கான். ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டின் உறையிலிருந்து எடுக்கப்படுகிறது. கிருமி வந்துவிட்டது என்று நண்டின் உடம்பு நினைத்துத் தற்காப்பை முடுக்கிவிடும். இதை இடைவெளி விட்டுச் சில நாட்கள் கொடுப்பதே முறை. எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பலன் மங்கும்.

அடுத்தது புரோபயாடிக். தயிரில் இருப்பது போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள். குடலிலும் தண்ணீரிலும் இடம் பிடித்துக்கொண்டு, விப்ரியோ போன்ற தீய கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கின்றன. இது உயிருள்ள பொருள் என்பதை மறக்கக்கூடாது. வெயிலில் கிடந்த பொட்டலம், காலாவதியான பொட்டலம், கொதிக்கும் கஞ்சியில் கலந்த பொட்டலம் எல்லாம் செத்த பொருளே. பேசில்லஸ் வகை மட்டும் விதை போன்ற உறைக்குள் ஒடுங்கியிருப்பதால் ஓரளவு வெப்பம் தாங்கும்.

வைட்டமின் சி ஓடு கழற்றும் நேரத்து நெருக்கடியைத் தாங்க உதவும். சாதாரண வைட்டமின் சி தண்ணீரிலும் காற்றிலும் விரைவில் அழிந்துவிடும். தீவனத்துக்கென்று நிலைப்படுத்தப்பட்ட வகை வேண்டும்.

மஞ்சள், பூண்டு, வேம்பு போன்ற நம் வீட்டுப் பொருட்களையும் மீன், இறால், நண்டுத் தீவனங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிலவற்றில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் இயற்கைப் பொருள் என்பதால் அளவு பார்க்க வேண்டாம் என்று பொருளல்ல. அதிக வேம்பும் அதிகப் பூண்டும் போட்டால் நண்டு தீனியைத் தொடாமல் ஒதுக்கிவிடும்.

இவை எதுவும் நோய் வந்த பிறகு கொடுக்கும் மருந்தல்ல. இறாலை அழிக்கும் வெண்புள்ளி வைரஸை நண்டு தான் சாகாமலே சுமந்து திரியும். பக்கத்து இறால் பண்ணைக்கும் பரப்பும். எந்தச் சேர்மானமும் அந்த வைரஸை விரட்டாது. நோயில்லாத குஞ்சும் சுத்தமான தண்ணீரும்தான் பாதுகாப்பு.

திண்டுக்கல் தண்ணீரில் வளருமா?

பெட்டி நண்டு வீடியோ பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. நம் பகுதியில் பல கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு இறங்கிய பகுதிகளைப் பற்றி நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "உப்புத் தண்ணீர்தானே, நண்டுக்குச் சரிதானே" என்று நினைத்துவிடக்கூடாது.

கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம், கால்சியம் சுமார் 400, பொட்டாசியமும் ஏறத்தாழ 400. இந்த விகிதத்துக்குப் பழகிய உடம்பு நண்டினுடையது. சேற்று நண்டு லிட்டருக்கு 10 முதல் 25 கிராம் வரையான உப்பில் நன்றாக வளரும். நம் குழாய்த் தண்ணீர் நாக்குக்குக் கரித்தாலும் பெரும்பாலும் அந்த அளவுக்கு அருகில்கூட வராது, விகிதமும் வேறு.

ஹரியானா மாநிலம் ரோத்தக்கில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் ஆய்வு மையம், உள்நாட்டு உப்பு நிலத்தடி நீரில் இறால் வளர்த்துக் காட்டியது. அங்கே கண்ட முக்கியமான குறை பொட்டாசியம். தண்ணீரில் பொட்டாஷ் உரம் கலந்து அளவைச் சரிசெய்த பிறகே இறால் பிழைத்து வளர்ந்தது. தண்ணீரின் குறையைத் தண்ணீரில்தான் சரிசெய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சீனாவில் நன்னீரில் நண்டு வளர்க்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். உலகில் பண்ணையில் வளரும் நண்டில் பெரும்பகுதி சீனாவில்தான். ஆனால் அங்கே நன்னீரில் வளர்வது வேறு இனம். அதன் வீடியோவைக் காட்டிச் சேற்று நண்டுக் குஞ்சை விற்றால் ஏமாற்று என்று அறியுங்கள்.

1,000 லிட்டர் நன்னீரை லிட்டருக்கு 15 கிராம் உப்புக்குக் கொண்டுவர 15 கிலோ உப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு உதவாது. அதில் சோடியம் குளோரைடு மட்டுமே உள்ளது. இந்தச் செலவையும், ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும் செலவையும், பயன்படுத்திய உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பதையும் எழுதிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கிணறும் தென்னையும் கெடாமல் அதை விட நம்மில் பலருக்கு இடமே இருக்காது. அண்டை வீட்டாரின் உரிமையை அழித்து வரும் வருமானத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

சேர்மானம் என்ற பெயரில் வரும் ஆபத்து

சில பொட்டலங்களில் "வளர்ச்சி ஊக்கி", "குடல் காப்பான்" என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று இருக்காது. அதில் ஆன்டிபயாடிக் கலந்திருந்தால் ஆபத்து இரண்டு பக்கமும்.

ஒன்று பணம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் சென்னையில் இயங்குகிறது. கடலோரத்தில் உவர்நீர்ப் பண்ணை நடத்த அதில் பதிவு வேண்டும். குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் உள்ளிட்ட மருந்துகளை நீர்ப்பண்ணையில் பயன்படுத்தத் தடை உண்டு. இவற்றின் எச்சம் தெரிந்ததால் ஏற்றுமதிச் சரக்குகள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் திருப்பப்பட்டதை இறால் தொழில் கண்டிருக்கிறது. ஒரு சிறு பொட்டலம் ஒரு வருட உழைப்பைக் கவிழ்த்துவிடும்.

மற்றொன்று உயிர். பண்ணையில் ஆன்டிபயாடிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அதற்கு அசையாத கிருமிகள் உருவாகும். அவை பண்ணையோடு நிற்காது. நாளை நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகலாம். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி மருந்துகளில் ஒன்றான கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. கோழிப் பண்ணை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கலக்கும் முறை

நண்டு மீனைப் போல ஒரே வாயில் விழுங்காது. கொடுக்கால் பிடித்து, கிழித்து, நிதானமாகத் தின்னும். அதற்குள் மேலே தூவிய பொடி தண்ணீரில் கரைந்துபோகும். கரைந்த பொடி நண்டுக்குப் போகாமல் தண்ணீரைக் கெடுக்கும். எனவே சேர்மானத்தைத் தீவனத்தோடு ஒட்ட வைக்க ஒரு பசை வேண்டும்.

ஜெலட்டின் ஒரு பசை. ஆனால் அது எந்தப் பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வி நமக்கு உண்டு. அந்தக் கவலை இல்லாத பொருள் நம் வீட்டிலேயே இருக்கிறது. நோன்பு திறக்கச் செய்கிறோமே, அந்தக் கடல்பாசிதான். இராமநாதபுரம் கடலோரத்தில் சேகரிக்கப்படும் பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகர் அது. காய்ச்சி, சற்று ஆறவிட்டு, கைச்சூட்டுக்கு வந்ததும் சேர்மானத்தைக் கலந்து, அரைத்த மீனோடு பிசைந்து உறைய வைத்தால் துண்டு போட்டுக் கொடுக்கலாம். மரவள்ளி மாவுக் கஞ்சியும் பயன்படும். எதுவானாலும் சூடு ஆறிய பிறகே புரோபயாடிக்கையும் வைட்டமினையும் கலக்க வேண்டும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலப்பது நல்லது.

நீங்களே சோதித்துப் பார்க்கும் கணக்கு

விற்பவர் சொல்வதையும் நம்ப வேண்டாம், நாங்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள். கீழே உள்ளது விளக்கத்துக்கான மாதிரிக் கணக்கு.

ஒரே அளவுள்ள 40 நண்டுகள். ஒவ்வொன்றும் 400 கிராம். பெட்டிக்கு ஒன்றாக 20 நண்டுகள் ஒரு பக்கம், 20 மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர், ஒரே மீன், ஒரே நேரம். ஒரு பக்கத்துக்கு மட்டும் சேர்மானம்.

ஒரு பக்கத்தின் எடை 8 கிலோ. எடையில் 6 விழுக்காடு தீனி என்றால் நாளுக்கு 480 கிராம். 25 நாளுக்கு 12 கிலோ. கிலோவுக்கு 5 கிராம் சேர்மானம் என்றால் மொத்தம் 60 கிராம். பொட்டலம் கிலோ 600 ரூபாய் என்று வைத்தால் செலவு 36 ரூபாய்.

25 நாள் கழித்துச் சேர்மானம் இல்லாத பக்கத்தில் 17 நண்டுகள் உயிரோடு, சராசரி 440 கிராம். மொத்தம் 7 கிலோ 480 கிராம். சேர்மானம் உள்ள பக்கத்தில் 18 நண்டுகள், சராசரி 444 கிராம். மொத்தம் 7 கிலோ 992 கிராம். வித்தியாசம் ஏறத்தாழ அரைக் கிலோ.

பார்த்தால் பெரிய இலாபம். ஆனால் அந்த அரைக் கிலோவில் பெரும்பகுதி கூடுதலாகப் பிழைத்த ஒரே ஒரு நண்டால் வந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு மூன்று முறை திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் அதே பக்கம் முன்னே வந்தால் மட்டும் நம்புங்கள். இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 5 நண்டுகள் இறந்திருக்கின்றன. அது ஏன் என்று கண்டுபிடித்தால் கிடைக்கும் இலாபம், பொட்டலத்தால் கிடைப்பதைவிட அதிகம். சேர்மானத்தின் விலை சிறிது. அதை நம்பித் தண்ணீரையும் தீனியையும் கவனிக்காமல் விடுவதன் விலை பெரிது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கோழி, ஆடு, மீன், நண்டு எதுவானாலும் கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. உள்ளே என்னென்ன, எவ்வளவு? பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறதா?
2. எந்தக் குறைக்கு இது? அந்தக் குறை என் பண்ணையில் இருக்கிறதென்று எப்படித் தெரிந்தது?
3. ஆன்டிபயாடிக் இல்லை என்பதற்குச் சான்று உண்டா? நீர்ப்பண்ணைப் பொருளானால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் சான்று எண் உண்டா?
4. தயாரித்த தேதி, காலாவதி தேதி, வைக்க வேண்டிய வெப்பநிலை என்ன?
5. பிராணிப் பொருள் சேர்ந்திருந்தால் எந்தப் பிராணி?
6. ரசீது தருவீர்களா?

ஆறாவது கேள்விக்கே தயங்குபவரிடம் மற்ற ஐந்தையும் கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் சேர்ந்து பேச

இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றுக்கு விடை சொல்லிப் பாருங்கள். நண்டு அளவில் பெரிதாவது எப்போது, சதை பிடிப்பது எப்போது? ஓடு கழற்றத் தூண்டும் பொருள் கொழுக்க வைப்பவருக்கு ஏன் நஷ்டம்? நண்டுக்குத் தடுப்பூசி ஏன் பலிக்காது? நம் குழாய்த் தண்ணீர் கரித்தாலும் கடல்நீர் ஆகாதது ஏன்? புரோபயாடிக்கைக் கொதிக்கும் கஞ்சியில் கலந்தால் என்ன ஆகும்?

வட்டியில்லாக் கடனோ, மனைவியின் நகையோ, வளைகுடாவில் உழைத்துச் சேர்த்ததோ, தொழிலில் போடும் ஒவ்வொரு ரூபாயும் அமானிதம். அதைப் பொட்டலத்தின் மேலுள்ள படத்தைப் பார்த்துப் போடக்கூடாது. கேட்டு, எழுதி, சிறிதாகச் சோதித்து, பிறகு போடுங்கள். இன்ஷா அல்லாஹ், அல்லாஹ் நம் அனைவரின் ஹலாலான சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.